உப்பை அளக்கிறோம், கிருமியை அளக்கவில்லை

பாசனத் தண்ணீர் பயிருக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள ஒரு விவசாயி அரசு ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால், திரும்பக் கிடைக்கும் தாளில் கார அமில நிலை, மின் கடத்துதிறன், கார்பனேட், குளோரைடு, சோடியம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். தண்ணீர் உவரா, நிலம் களராகிவிடுமா, நெல் தாங்குமா, வேர்க்கடலை தாங்குமா என்பதை அந்த எண்களைக் கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீரில் மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது, அவற்றில் மருந்துக்கு மசியாதவை எத்தனை என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; நாட்டின் அளவுகோலே அப்படி அமைந்திருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஏ வகுப்பில் 50, குளிப்பதற்கான பி வகுப்பில் 500, சுத்திகரித்துக் குடிக்கும் சி வகுப்பில் 5,000 வரை இருக்கலாம். கடைசி வகுப்பான இ, பாசனத்துக்கு உரியது. அதற்குக் கார அமில நிலை, மின் கடத்துதிறன், சோடியம் விகிதம், போரான் ஆகிய நான்கு வரையறைகள் மட்டுமே உண்டு. கிருமிக்கு எந்த வரம்பும் இல்லை. பயிரின் நலனை மட்டும் கருதினால் இது போதும். அந்தப் பயிரைத் தொடுகிற, அறுக்கிற, பச்சையாகத் தின்கிற மனிதரையும் கருதினால் போதாது. ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் ஆற்று நீர் வழியாக வயலுக்கும், வயல் வழியாக வீட்டுக்கும் வரக்கூடும் என்று தெரிந்துவிட்ட இன்றைய நிலையில், பாசன நீரைக் கிருமியாலும் அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் நீர் வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி மானாம்பதி என்ற ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள உத்திரமேரூர் வட்டத்துக்கும் ஏன் பொருந்துகிறது என்பது புரியும். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, தன் பெயரையே கொண்ட நகரத்தைத் தொட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. அனுமந்தண்டலம் அணைக்கட்டில் அதைத் தடுத்துத் திருப்பும் வாய்க்காலை நம்பித்தான் உத்திரமேரூர்ப் பெரிய ஏரி நிறைகிறது. காஞ்சிபுரம் நகரை ஒட்டி ஓடும் வேகவதி, நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு கிழக்கே போகிறது. கர்நாடகத்தில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து வருகிறது. அந்தக் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கற்களில் ஒன்று. இந்த மூன்று ஆறுகளும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகளுடன் அங்கே நடந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும் அதில் இருப்பில் வைத்திருந்த மருந்துகளையும் விவரிக்கிறது. மூன்று ஆற்று நீரும் சேரும் கரையை மருத்துவமனைக்கு ஏற்ற இடமாகக் கருதிய காலம் அது. இன்று அதே ஆறுகளில் மேலேயிருந்து வருவது, பல நகரங்களின் வீட்டுக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுகளில் கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யப் புதுவெள்ளமும் கிடையாது. கோடையில் ஓடும் கொஞ்சத் தண்ணீரில் கழிவின் பங்கே பெரிது. சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கும் காய்கறிக்கும் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

மருந்துக்கு மசியாத பாக்டீரியா என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவின் உயிர்வேலை ஒன்றைக் குறிவைத்துத் தடுக்கும் பொருள். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் சுவரைக் கட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. சிப்ரோஃபிளாக்சசின் அதன் டி.என்.ஏ. பிரதியாவதைக் குலைக்கிறது. இதை எதிர்க்கும் பாக்டீரியா, மருந்தை வெட்டிச் சிதைக்கும் நொதியைச் சுரக்கலாம். உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளலாம். மருந்து குறிவைக்கும் உறுப்பின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளலாம். இந்தத் திறமைக்கான கட்டளை மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு தாயிடமிருந்து சேய்க்கு மட்டும் போகுமானால் ஆபத்து மெதுவாகவே பரவும். ஆனால் பாக்டீரியாக்களுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்கள் தனியே மிதக்கின்றன. இரண்டு பாக்டீரியாக்கள் நெருங்கும்போது ஒன்று மெல்லிய குழல் போன்ற இழையை நீட்டி மற்றதைப் பற்றி இழுக்கிறது. பிளாஸ்மிட்டின் ஓர் இழை பிரிந்து அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் அது முழு வளையமாகிவிடுகிறது. அண்டை வீட்டுக்கு விதைநெல் அளந்து கொடுத்த பிறகும் கொடுத்தவர் குதிரில் ஒரு மணிகூடக் குறையாமல் இருந்தால் எப்படியோ, அப்படி. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்கவேண்டியதில்லை. குடலில் வாழும் ஈ.கோலை, ஆற்றில் வாழும் ஏரோமோனாஸுக்குக் கொடுக்கும். அது காலரா, சீதபேதிக் கிருமிகளுக்குக் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே பயணிப்பதும் சாதாரணம். ஆகவே ஆற்றில் மிதக்கும் ஒரு பாக்டீரியா நோய் உண்டாக்காத சாதுவாக இருந்தாலும், அதன் வயிற்றில் இருக்கும் வளையம் சாதுவல்ல.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஆறு ஏன் வசதியான களமாகிறது? முதலாவது, அங்கே எல்லோரும் கூடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து, வீட்டுக் கழிப்பறையிலிருந்து, கோழிப்பண்ணையிலிருந்து, மாட்டுத் தொழுவத்திலிருந்து வரும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்பவற்றோடு கலக்கின்றன. இரண்டாவது, அவற்றோடு மருந்தும் வருகிறது. நாம் விழுங்கும் பல ஆன்டிபயாடிக்குகளில் கணிசமான பங்கு சிதையாமல் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காவிரியை ஈராண்டு ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளில், வலிநிவாரணி, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றின் எச்சங்களோடு சிப்ரோஃபிளாக்சசினும் ஆற்றில் இருப்பது தெரியவந்தது. ஆற்றில் கரைந்திருக்கும் மருந்து கிருமியைக் கொல்லும் அளவுக்கு இல்லையே, அதனால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது இதற்குப் பதில். பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து இருந்தாலே, எதிர்ப்புள்ள பாக்டீரியா எதிர்ப்பற்றதை மெல்ல மெல்லப் பின்தள்ளி முந்திவிடுகிறது. மூன்றாவது, உலோகங்கள். செம்பு, துத்தநாகம், பாதரசம் போன்றவற்றைத் தாங்கும் மரபணுக்கள் பல பாக்டீரியாக்களில் மருந்தெதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே வளையத்தில் பிணைந்திருக்கின்றன. உலோகக் கழிவுள்ள நீரில் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா, மருந்தே இல்லாத இடத்திலும் மருந்தெதிர்ப்பைக் கைவிடாமல் வைத்துக்கொள்கிறது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் எந்த ஆற்றிலும் இந்தக் கோணத்தை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் இதன் உச்சம் தெரிந்த இடம் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செரு. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை சுவீடனின் யோவாகிம் லார்சன் குழு ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையை விழுங்கும் நோயாளியின் ரத்தத்தில் ஏறும் அளவைவிட இது பல மடங்கு அதிகம். அதுவும் சுத்திகரிப்புக்குப் பிந்தைய நீரில். பிற்பாடு அதே பகுதியின் ஆற்று வண்டலிலும் கிணற்று நீரிலும் விளைநிலத்து மண்ணிலும் அந்த மருந்து வகையையும் அதற்கான எதிர்ப்பு மரபணுக்களையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆலையின் குழாயில் தொடங்கிய விஷயம் வயல் மண் வரை வந்து சேர்ந்ததற்கான நேரடித் தடயம் அது. மருந்து ஆலையே இல்லாத ஆறுகளும் தப்பவில்லை. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்-1 மரபணுவைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் நோயாளிகளிடமிருந்து கிடைத்த 44 பாக்டீரியா மாதிரிகள் சென்னையைச் சேர்ந்தவை. மறுஆண்டே டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் 2-லும் அதே மரபணு இருப்பது தெரிந்தது. அந்தப் பிளாஸ்மிட் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது 30 டிகிரி வெப்பத்தில் மிக அதிகமாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டு வாய்க்கால் நீருக்கு ஆண்டின் பல மாதங்களில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ அதுதான். கங்கையில் ரிஷிகேஷ், ஹரித்வார் பகுதியில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவு: யாத்திரிகர்கள் குவியும் மே, ஜூன் மாதங்களில் அந்த மரபணுவின் அளவு பிப்ரவரியில் இருந்ததைப் போல் சுமார் 20 மடங்கு. ஆற்றங்கரையில் மக்கள்தொகை ஏறுகிறது, கழிப்பறை வசதி அதே அளவில் நிற்கிறது, எதிர்ப்பு மரபணு பெருகுகிறது.

ஆற்றில் இருப்பது வயல் வழியாக மனிதரைச் சேர்கிறதா என்பதே அடுத்த கேள்வி. சேரும் வழிகளை வரிசைப்படுத்துவது கடினமில்லை. நடவிலும் களையெடுப்பிலும் வேலை செய்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், கணுக்கால் மூழ்கும் நீரில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். சேற்றுப்புண்ணும் அரிவாள் கீறலும் அவர்களுக்குப் புதிதல்ல. அறுத்த கீரையையும் கொத்தமல்லியையும் கட்டாகக் கட்டி, மண் போக வாய்க்காலிலேயே அலசி, வாடாமல் இருக்க அதே நீரைத் தெளித்துச் சந்தைக்கு அனுப்புவது வழக்கம். வேரோடு பிடுங்கிய கொத்தமல்லியில் தண்டும் இலையும் பிரியும் கணுக்களில் அந்த நீர் தங்கிவிடுகிறது. வீட்டில் ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்தால் அது முழுதாகப் போவதில்லை. இந்தப் பாதை உண்மையில் நோயைக் கொண்டுவருகிறது என்பதற்குச் சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோ சாட்சி. அங்கே நகரின் சுத்திகரிக்காத கழிவு கலந்த ஆற்று நீரில் காய்கறி விளைந்தது. குடிநீர் சுத்தமாக இருந்தும் டைபாய்டு ஓயவில்லை. 1991-இல் காலரா வரும் அச்சத்தில், பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு அந்த நீரைப் பாய்ச்சுவதை அரசு தடுத்தது. டைபாய்டு சரசரவென்று சரிந்தது. மருந்தெதிர்ப்புக் கிருமிகளும் உணவோடும் நீரோடும் குடலுக்குள் குடியேறுகின்றன என்பதற்கு நெதர்லாந்திலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய சுமார் 2,000 பயணிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவைப் பார்க்கலாம். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் நான்கில் மூவர், போகும்போது குடலில் இல்லாத மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவோடு ஊர் திரும்பினார்கள். சில வாரச் சுற்றுலாவில் அவர்களுக்கு நேர்ந்தது, இங்கேயே பிறந்து இங்கேயே உண்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் நேர்கிறது. குடலில் அமைதியாக இருக்கும்வரை அந்தப் பாக்டீரியாவால் தொல்லையில்லை. சிறுநீர்த்தொற்றோ, பிரசவமோ, அறுவைச் சிகிச்சையோ வரும்போது அது உரிய இடம் விட்டு வேறிடம் போகிறது. அப்போதுதான் மருத்துவர் எழுதிய மருந்து வேலை செய்யவில்லை என்பது தெரியவரும்.

இந்த வாதத்தை மறுப்பவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அதைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் மறுப்பு: மருந்தெதிர்ப்பு என்பது இயற்கையிலேயே இருப்பது, மண்ணில் அது இல்லாத காலமே இல்லை. இது உண்மை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தே 1943-இல் மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். மருந்தைச் சுரக்கும் உயிர் வாழும் மண்ணில் அதை எதிர்க்கும் உயிரும் வாழத்தானே செய்யும். கனடாவில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய மரபணுக்கள் பெரும்பாலும் தத்தம் இடத்தில் சிதறிக் கிடந்தவை. அவை நாலைந்தாகச் சேர்ந்து ஒரே வளையத்தில் ஏறியதும், மனிதக் குடலில் வாழும் கிருமிக்குள் வந்து உட்கார்ந்ததும், ஊர் ஊராகக் கழிவுநீரில் பயணிப்பதும் மருந்துகள் மலிந்த கடந்த எண்பது ஆண்டுகளில் பெருகியவை. நெதர்லாந்தில் 1940 முதல் 2008 வரை சேமித்துவைத்த மண் மாதிரிகளை ஆராய்ந்தபோது, எதிர்ப்பு மரபணுக்கள் காலப்போக்கில் ஏறிக்கொண்டே வந்திருப்பதும், டெட்ராசைக்ளின் மருந்துக்கான சில மரபணுக்கள் 1970-களில் இருந்ததைவிட 15 மடங்குக்கு மேல் பெருகியிருப்பதும் தெரிந்தது. இயற்கையில் இருப்பது என்பதாலேயே ஒன்று ஆபத்தற்றதாகிவிடாது. நாம் அதை எவ்வளவு பெருக்குகிறோம், எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது மறுப்பு: நாம் எதையும் வேகவைத்துத்தானே உண்கிறோம்? இதிலும் பெரும்பகுதி சரி. உலக சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட கழிவுநீர்ப் பாசன வழிகாட்டுதலின்படி, சமைப்பது கிருமிகளைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகவோ அதைவிடக் குறைவாகவோ ஆக்கிவிடுகிறது. செய்யாற்று நீரில் விளைந்த நெல்லின் சோற்றைக் கண்டு யாரும் அஞ்சவேண்டியதில்லை. கத்தரிக்காய்க் குழம்புக்கும் அதே தீர்ப்புதான். ஆனால் வெள்ளரிக்காயும் தர்பூசணியும் பச்சை வெங்காயமும் ரசத்தை இறக்கியபின் மேலே தூவும் கொத்தமல்லியும் புதினாத் துவையலும் அடுப்பைப் பார்ப்பதில்லை. அதே வழிகாட்டுதல், தண்ணீரில் கழுவுவது கிருமியைப் பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கும் என்கிறது. லட்சக்கணக்கில் இருப்பது பல்லாயிரமாகும், அவ்வளவே. சமையலறைக்கு வருமுன்பே நேரும் தொடர்பை எந்த அடுப்பாலும் தடுக்க முடியாது. வேலை செய்தவர் கையிலும் காலிலும், வாய்க்காலில் குடித்த மாட்டின் வயிற்றிலும், கூடையிலும் கத்தியிலும் பலகையிலும் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. சமையல் கடைசி அரண். அதை மட்டும் நம்பி மற்ற அரண்களைத் திறந்துபோட முடியாது.

மூன்றாவது மறுப்பு மருத்துவ உலகத்திலிருந்து வருகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்பதுதான் வேர். அதை விட்டுவிட்டு ஆற்றைப் பிடித்துத் தொங்குவது எதற்கு என்கிறார்கள். மருந்துப் பயன்பாட்டை முறைப்படுத்த வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை; 2012-இல் சென்னையில் கூடிய தொற்றுநோய் மருத்துவர்கள் ‘சென்னைப் பிரகடனம்’ என்று வகுத்த திட்டம் அதற்கான முன்னோடி முயற்சி. ஆனால் அது மட்டும் போதாது என்பதை 103 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. ஒரு நாட்டில் மருந்தெதிர்ப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது, அந்த நாட்டவர் எவ்வளவு ஆன்டிபயாடிக் தின்கிறார்கள் என்பதைவிட, கழிப்பறை, சுத்தமான நீர் போன்ற அடிப்படை வசதிகளும் நிர்வாகமும் எப்படி இருக்கின்றன என்பதோடுதான் நெருங்கிப் பொருந்தியது. காரணம் எளிது. மருந்தைத் தவறாகத் தின்பதால் எதிர்ப்பு பிறக்கிறது. கழிவு நீரோடு கலப்பதால் அது பரவுகிறது. பிறப்பை முழுதாக நிறுத்த முடியாது, ஏனென்றால் சரியான நோய்க்குச் சரியான அளவில் மருந்து தின்றாலும் சிறிது எதிர்ப்பு பிறக்கத்தான் செய்யும். பரவுவதை நிறுத்த முடியும். இந்திய நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர் என்றும், அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர்தான் என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் கணக்கிட்டது. பத்தில் ஏழு பங்கு அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. அந்த ஆறுகளுக்குக் கீழே இருப்பவை விளைநிலங்கள்.

நான்காவது மறுப்பு விவசாயியுடையது. எல்லாவற்றிலும் கனமானது அதுதான். இந்தத் தண்ணீரும் இல்லையென்றால் எந்தத் தண்ணீரில் பயிர் வைப்பது? கழிவு கலந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது, உரச்செலவு குறைகிறது, கோடையிலும் நிற்காமல் ஓடுகிறது. பாலாற்றுப் படுகையில் மழை பொய்த்த ஆண்டுகளை அறிந்தவர் யாரும் இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ‘கழிவுநீரில் விளைந்த காய்’ என்று சந்தையில் ஒரு பீதியைக் கிளப்பிவிட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் கழிவை விட்டவர் அல்லர், காயை விளைவித்தவர். எனவே கழிவுநீர்ப் பாசனத்தை ஒழி என்ற முழக்கம் அநீதியானது, அவசியமற்றதும்கூட. இஸ்ரேல் தன் நகரக் கழிவுநீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுத்திகரித்து விவசாயத்துக்குத் திருப்புகிறது. சுத்திகரித்த கழிவுநீரை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சிய நிலங்களையும் நன்னீர் பாய்ச்சிய நிலங்களையும் ஒப்பிட்டு அங்கே 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணிலிருந்த மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவின் அளவில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. மண்ணில் ஏற்கெனவே நிலைத்து வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் புதிதாக வருபவற்றுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. வெயிலும் வறட்சியும் சேர்ந்து அவற்றை அழிக்கின்றன. இந்த முடிவு என் வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றலாம். உண்மையில் அது வாதத்தின் மையத்தை உறுதி செய்கிறது. அங்கே பாய்ந்தது சுத்திகரித்த நீர். கிருமி அளந்து, வரம்புக்கு உட்பட்டது என்று தெரிந்தபின் பாய்ச்சிய நீர். மண்ணுக்குக் கழிவைத் தாங்கிச் செரிக்கும் ஆற்றல் உண்டு. அதன் ஆற்றலுக்கு மேல் நாள்தோறும் புதிய கழிவைக் கொட்டாமல் இருப்பதே நம் வேலை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்று தயங்கத் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிமுறை, மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஒரே ஒரு பாக்டீரியாவைக் கண்காணித்தால் போதும் என்கிறது. மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் ஈ.கோலைதான் அது. செய்முறையும் எளிது. ஆற்று நீரை வடிகட்டி, ஒரு வளர்ப்புத் தட்டில் மருந்து கலக்காமலும் இன்னொன்றில் செஃபோடாக்சிம் கலந்தும் வளர்த்து, மறுநாள் இரண்டிலும் தோன்றும் புள்ளிகளை எண்ண வேண்டும். முதல் தட்டில் நூறும் இரண்டாவதில் ஐந்தும் இருந்தால் அந்த ஆற்றின் ஈ.கோலையில் நூற்றுக்கு ஐந்து மருந்தெதிர்ப்புள்ளவை. நுண்ணுயிரியல் துறையுள்ள எந்தக் கல்லூரியும் அரசு மருத்துவமனை ஆய்வகமும் இதைச் செய்யும். அனுமந்தண்டலத்தில், திருமுக்கூடலில், காஞ்சிபுரத்துக்கு மேலும் கீழும் வேகவதியில், ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை அளந்தால் மூன்றே ஆண்டில் இந்தப் படுகைக்கு ஒரு வரலாறு உருவாகிவிடும். இரண்டாவது, பாசனத்துக்கான இ வகுப்புக்குக் கிருமி வரம்பு வகுக்க வேண்டும். பச்சையாக உண்ணும் பயிருக்கு 100 மில்லிலிட்டரில் 1,000 மலக் கோலிஃபார்முக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1989-லேயே எண் சொல்லியிருந்தது; தொடங்குவதற்கு அது போதும். மூன்றாவது, ஊற்றுக்கண்ணை அடைக்க வேண்டும். மருத்துவமனைகள் தம் திரவக் கழிவைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். அதைச் சோதித்துப் பார்ப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. மருந்து ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. அவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

வயலளவிலும் சில தற்காப்புகள் உண்டு. சொட்டுநீரில் பாய்ச்சினால் நீர் இலையையும் காயையும் தொடுவதில்லை. அதனால் கிருமி நூற்றில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை குறையும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அறுவடைக்குச் சில நாள் முன்பே பாய்ச்சலை நிறுத்தினால் வெயிலே பெரும்பகுதியைக் கொன்றுவிடும். ஐயமுள்ள ஆற்று நீரை நெல்லுக்கும் கரும்புக்கும் விட்டு, கீரைக்கும் வெள்ளரிக்கும் கிணற்று நீரை ஒதுக்கலாம். கீரைக்கட்டை வாய்க்காலில் அலசாமல் மோட்டார்க் கொட்டகையில் அலசலாம். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மனிதருக்கான மருந்தைப் பயிருக்குத் தெளிப்பதை நிறுத்தவே மத்திய அரசு 2021 டிசம்பரில் தடை வரைவை வெளியிட்டது. இவை அனைத்தும் துணை அரண்கள். நகரம் தன் கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டுவிட்டு, விவசாயி ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு இவற்றைச் சாக்காக்கக் கூடாது.

மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு, ஆற்றை அளந்த எண்கள் வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்துக்கு இது புதிய பழக்கமாக இராது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் அமைத்து, அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை 919-லும் 921-லும் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது. இன்று அந்த இடத்தில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் கிராம சபைகளும் இருக்கின்றன. மானாம்பதியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும்: எங்கள் பாசன நீரை உப்புக்கு மட்டுமல்லாமல் கிருமிக்கும் சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். தண்ணீரை உபயோகிப்பவர் கேட்காதவரை, அதை அளக்கும் பொறுப்பை எந்தத் துறையும் தானாக முன்வந்து ஏற்காது. கேளுங்கள்.